பாதியில் அழைத்து வந்தவன்

என் மனைவி போதை மீட்பு மையத்தில் உள்நோயாளியாக இருந்தபோது, சிகிச்சை முடிவதற்கு முன்பே அவளை வெளியே அழைத்து வந்தவன் நான். டாக்டர் வேண்டாம் என்றார். ஆலோசகர் அம்மா வாசல்வரை வந்து கேட்டுப் பார்த்தார். மருத்துவ ஆலோசனையை மீறி, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாக அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் பின்னால் வந்தாள். பிறகு விசாரித்த ஓரிரு உறவினர்களிடம், “அவளுக்கு அங்க ஒத்துக்கல” என்று சொன்னேன். அது பொய். அவள் அங்கே தேறி வந்துகொண்டிருந்தாள்.

விவரம் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் விவரம் தெரிந்தவன். நானே ஒரு குடிநோயாளி. சென்னையில் ஒரு மையத்தில் முழுக் காலமும் தங்கி, சிகிச்சையை முடித்துக்கொண்டு வெளியே வந்தவன். அந்தச் சிகிச்சை எப்படி நடக்கும், எதற்காக அத்தனை நாள், பாதியில் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் பாடமாகக் கேட்டவன். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவளும் அவள்தான்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு, “எழுதுங்க. என் பேரும் புள்ளைங்க பேரும் வேணாம். ஆனா நீங்க செஞ்சதக் குறைச்சி எழுதாதீங்க” என்றாள்.

நான் நெய்வேலியில் இரண்டாவது சுரங்கத்தில், நிலத்தடி நீர்ப் பிரிவில் பம்பு ஓட்டியவன். நகரியத்தில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய ஊர். அகலச் சாலை, மரநிழல், வரிசையாகக் குவார்ட்டர்ஸ். 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி வந்த பிறகு எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள்தான் எல்லாரும். ஆனாலும் ஒரே முதலாளி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஷிப்டு பஸ் என்பதால் கிராமத்தைவிட நெருக்கம். அங்கே ஓர் ஆண் குடிக்கிறான் என்பது யாருக்கும் செய்தி இல்லை. சம்பள நாளில் ஆர்ச் கேட்டுக்கு வெளியே போனால் யார் யார் நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் குடிக்கிறாள் என்றால் முதல் ஷிப்டில் ஒருவன் காதில் விழுவது இரண்டாம் ஷிப்டு முடிவதற்குள் அத்தனை வட்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வித்தியாசத்தை நான் உண்டாக்கவில்லை. ஆனால் இதற்கு நான் கொடுத்த மரியாதையை என் மனைவியின் உயிருக்குக் கொடுக்கவில்லை.

முதலில் என் கதை. குடித்தேன், நிறையக் குடித்தேன். இரண்டாம் ஷிப்டு பத்து மணிக்கு முடிந்தால் வீட்டுக்கு வர நள்ளிரவு ஆகும். பாண்டியிலிருந்து சரக்கு கொண்டுவரும் நண்பர்கள் இருந்தார்கள். அவளை அடித்திருக்கிறேன். பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று அவள் சத்தம் போடாமல் அடி வாங்குவாள். கை நடுங்கி, காலையில் குடிக்காமல் வேலைக்குப் போக முடியாது என்ற நிலை வந்தபோது, யாரிடமோ விசாரித்துச் சென்னை மையத்தைக் கண்டுபிடித்தவள் அவள். பிள்ளைகளைப் பண்ருட்டிப் பக்கம் அவள் அம்மா வீட்டில் விட்டாள். சங்கிலியை அடகு வைத்தாள். கம்பெனியில் மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். மஞ்சள் காமாலை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். குடும்பத்தாருக்கு நடக்கும் வகுப்பு ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். குடி ஒரு நோய், இது திரும்பத் திரும்ப வரக்கூடியது, திட்டுவதும் சத்தியம் வாங்குவதும் மருந்தாகாது என்று அவள் கையெழுத்தில் எழுதிய அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நான் தேறினேன். ஏ.ஏ. என்ற குடிநோயாளிகள் அமைப்பின் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். குடிக்காமல் ஒரு வருஷம் முடிந்தால் அங்கே அதைப் பிறந்த நாள் என்று கொண்டாடுவார்கள். என் முதல் பிறந்த நாளில் அவளை முன்னால் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசினாள். எல்லாரும் கை தட்டினார்கள். ‘இப்படி ஒரு மனைவி கிடைக்க வேண்டும்’ என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று அந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் இரண்டு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை.

நான் குடித்த காலத்தில் தொடங்கியது அது. இரவில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குப் படபடப்பு, தூக்கமின்மை. வெளியே ஒரு டாக்டர் அல்ப்ரசோலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சில வாரத்துக்கு என்று கொடுத்த மாத்திரை வருஷக்கணக்கில் ஓடியது. அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று மூன்றாகி, பகலுக்கும் வந்துவிட்டது. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தாள். 2014 மார்ச்சிலிருந்து அந்த மாத்திரையை ‘ஹெச் 1’ பட்டியலில் சேர்த்து, மருந்துக்கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே அடிமையாகிவிட்ட ஒருத்திக்கு, கடையில் இல்லை என்று சொன்னால் அவள் எங்கே போவாள் என்று யோசிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். மாத்திரை குறைந்த இடத்தைப் பிராந்தி நிரப்பியது. வேலைக்கு வந்த அம்மாவிடம் காசு கொடுத்து, அவர் வீட்டுக்காரர் மூலம் வாங்கியிருக்கிறாள்.

நெய்வேலியில் இருந்துகொண்டு அவள் ஏன் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லவில்லை என்று கேட்கலாம். அங்கே எழுதப்படும் கோப்பில் என் பெயரும் என் பணி எண்ணும் இருக்கும். அதை எடுத்துவருகிற ஊழியரின் மனைவி எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளைக்குத் தாயாக இருப்பார். அவள் பயந்தது அதற்குத்தான்.

சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் பாட்டிலைப் பார்த்த நாளில் நான் செய்ததைச் சொல்கிறேன். “பொம்பளையா நீ?” என்று கேட்டேன். பல வருஷம் குடித்து அவளை அடித்தவன், அவள் காசில் சிகிச்சை பெற்றவன், அவளிடம் கேட்ட கேள்வி அது. மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அலமாரியைக் கவிழ்த்து மாத்திரைகளைத் தேடி எடுத்துக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அவள் அழுதுகொண்டே ஒன்றுதான் சொன்னாள்: “கொஞ்சம் கொஞ்சமாத்தாங்க நிறுத்தணும். அங்க சொல்லிக் குடுத்தாங்க இல்ல?”

எனக்குத் தெரியும். என் தொழிலே அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. கரியை எடுக்க மண்ணை அள்ளினால் பாரம் குறைகிறது. அப்போது கீழே இருக்கும் நீர் சுரங்கத்தின் தரையையே தூக்கிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதனால் இரவு பகல் நிற்காமல் அளந்து அளந்து நீரை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மண்ணை எடுக்கிறோம். மாத்திரையும் மதுவும் மூளையை இப்படித்தான் வருஷக்கணக்கில் அமுக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பாரத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் உள்ளே அடங்கிக் கிடந்தது முழுவதும் மேலே எழும். நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, வலிப்பு. அதனால் உள்நோயாளியாக வைத்து, நெடுநேரம் உடம்பில் நிற்கும் வேறு மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். மது மட்டும் என்றால் இந்தக் கட்டம் பெரும்பாலும் சில நாளில் முடிந்துவிடும். தூக்க மாத்திரைக்கு அது போதாது.

மூன்றாம் நாள் காலை குளியலறையில் அவளுக்கு வலிப்பு வந்தது. நெற்றி உடைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். “ஏதாவது மாத்திரை தினம் சாப்பிடறாங்களா? திடீர்னு நிறுத்தினாங்களா? மதுப் பழக்கம் உண்டா?” இல்லை, இல்லை, இல்லை என்றேன். அவர் நம்பினார். வலிப்பு நோய்க்கு உரிய வழியில் சோதனைகளைத் தொடங்கினார். மனைவி கட்டிலில் கிடந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்தவற்றில் மிகக் கொடியது இது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்ததைவிட இது பெரிது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அவள் போயிருப்பாள். மானத்தோடு போனாள் என்று நான் இருந்திருப்பேன்.

நான் டீ குடிக்க வெளியே போன நேரத்தில் அவளே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. உள்நோயாளிச் சிகிச்சை வேண்டும் என்றார். பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் மையங்கள் எவை என்று பேசத் தொடங்கினார். நான் ஒன்றைத்தான் பார்த்தேன்: எது எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம். ஆண்களுக்கான கட்டிடத்தில் ஒரு மூலையில் பெண்களுக்குச் சில கட்டில் இருந்த ஓர் இடத்தில் சேர்த்தேன். பெண் ஆலோசகர் உண்டா, இரவில் பெண் செவிலியர் இருப்பாரா, மாத்திரைப் பழக்கத்தை அங்கே பார்த்திருக்கிறார்களா என்று எதையும் விசாரிக்கவில்லை. கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் பண்ருட்டிக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சொன்னேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னால் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் வாரம் உடம்பைத் தேற்றினார்கள். தயமின் ஊசி, சாப்பாடு, தூக்கம். ரத்தசோகை கடுமையாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவள் குடித்த அளவு நான் குடித்ததில் பாதிகூட இல்லை. காலமும் குறைவு. ஆனால் ஈரல் கெட்டிருந்தது. பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு, மதுவை வயிற்றிலேயே உடைக்கும் நொதியும் குறைவு, அதனால் அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் அதிகம் ஏறுகிறது, கேடும் சீக்கிரம் வருகிறது என்று அங்கிருந்த ஆலோசகர் விளக்கியிருக்கிறார். ஆண் பத்து வருஷத்தில் போய்ச் சேரும் இடத்துக்குப் பெண் அதைவிட வெகு சீக்கிரம் போய்விடுவாள் என்று சொன்னாராம்.

பிறகு வகுப்புகள். அவை ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து நடந்தன. முன்வரிசையில் ஆண்கள் எழுந்து, சம்பளத்தைக் குடித்ததையும் மனைவியை அடித்ததையும் சொல்லி அழுவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, அடித்தவர்களின் வாயிலிருந்து தான் அடிவாங்கிய கதையை என் மனைவி கேட்டிருக்கிறாள். அவளைப் பேசச் சொன்னபோது அவளால் வாய் திறக்க முடியவில்லை. ‘உன் அகந்தையை விடு’ என்பது என்னைப் போன்ற ஆளுக்குச் சரியான மருந்து. எனக்கு அது வேலை செய்தது. தன்னை ஏற்கெனவே ஒன்றுமில்லாதவள் என்று நம்பிக்கொண்டிருப்பவளிடம் விடுவதற்கு என்ன அகந்தை இருக்கிறது? அமெரிக்காவில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்ற பெண், தானே குடியிலிருந்து மீண்டவர், இதே காரணத்தைச் சொல்லி 1975-ல் பெண்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கினார் என்று மிகப் பின்னால் படித்தேன். குற்றவுணர்ச்சியைக் கூட்டுவதைவிடத் தன்மதிப்பைக் கட்டுவதுதான் பெண்ணுக்கு முதலில் வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த மையத்திலும் ஒரு நல்ல ஆலோசகர் அம்மா இருந்தார். வகுப்பில் பேசாதவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். மெல்ல மெல்ல அவள் வாய் திறந்தாள். முதல் முதலாக அவள் சொன்னது குடியைப் பற்றி இல்லையாம். இரவு பத்து மணிக்கு மேல் கேட் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு நடுங்குகிறது என்பதுதான். நான் குடியை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும்.

அந்த ஆலோசகர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “சார், குடும்ப வகுப்புக்கு வாங்க. ஒரு ஞாயித்துக்கிழமையாவது வாங்க.” ஷிப்டு இருக்கிறது என்றேன். லீவு இல்லை என்றேன். லீவு நிறைய இருந்தது. அந்த வருஷம் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாக வாங்கிக்கொண்டேன். என் சிகிச்சையில் ஒரு வகுப்பையும் தவறவிடாதவளின் சிகிச்சையில் நான் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை.

ஏன் போகவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வெட்கம் என்று சொல்லலாம். அது பாதிதான். அங்கே போய் உட்கார்ந்தால், அவள் எதனால் மாத்திரை போட ஆரம்பித்தாள் என்ற பேச்சு வரும். நான் குணமானவன், ஏ.ஏ.வில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரை நான் விட விரும்பவில்லை. என் குடி நின்ற நாளோடு என் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது அவள் உடம்பில் தொடர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது மகளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. நல்ல இடம். அம்மா எங்கே என்று கேட்பார்கள். அதுதான் சாக்கு. போய்க் கையெழுத்துப் போட்டேன். அளவு குறைத்துக்கொண்டு வந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு நெய்வேலியில் எந்தக் கடைக்குப் போவது என்று நான் அதை மடித்துப் பையில் வைத்தேன், கடைக்குப் போகவில்லை.

மனநலச் சட்டம் என்று 2017-ல் ஒன்று வந்திருக்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறும் அதில் அடங்கும். வயது வந்த ஒருவர் தானாகச் சேர்ந்தால், இருப்பதும் போவதும் அவர் முடிவு என்கிறது அந்தச் சட்டம். அவள் விருப்பத்தோடு சேர்ந்தவள். அன்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கணவன் வந்திருக்கிறேன் என்பதே போதும் என்று நினைத்தேன்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். கை நடுங்கியது. காய்ச்சல் என்று சொன்னோம். அந்த வாரமே அவள் மறுபடி பிராந்தி குடித்தாள். அந்தக் குடி, முன்னிருந்ததைவிட மோசமான குடி. நான் வீட்டைப் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போன நாட்கள் உண்டு.

அவளைக் காப்பாற்றியது நான் இல்லை. அவள் தங்கை. ஒரு நாள் பகல் ஷிப்டிலிருந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அவள் இல்லை. தங்கை பண்ருட்டியிலிருந்து வந்து பஸ்ஸிலேயே கூட்டிப்போயிருந்தாள். பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டு, எனக்குப் போன் செய்தாள். “மாமா, அக்கா முடிச்சிட்டுத்தான் வரும். நீங்க வந்து கூப்பிட்டா நான் அனுப்பமாட்டேன்.” என்னை விடச் சின்னவள், அதுவரை என்னிடம் ஏறிட்டுப் பேசாதவள்.

அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி என் மனைவி இன்றும் விரிவாகப் பேசுவாள். கல் சுமந்து முதுகு வலிக்குக் குடித்த ஒரு சித்தாள், ஊசிப் பழக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு செவிலியர், கஞ்சா புகைத்த ஒரு கல்லூரிப் பெண் என்று எல்லாரும் ஒரே அறையில். குழுப் பேச்சில் பெண்கள் மட்டும். மாத்திரையை அவசரப்படாமல் குறைத்தார்கள். குடும்பத்தில் அடி உண்டா, பழைய காயம் உண்டா, மனச்சோர்வு உண்டா என்று தொடக்கத்திலேயே கேட்டு, அதற்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் யோசித்துவிட்டு, ‘தெரியல’ என்றாளாம். அதனால் சிகிச்சை முடிந்ததும் கொஞ்ச காலம் தங்கை வீட்டில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். ஆலோசனைக்கு மாதாமாதம் வரவழைத்தார்கள். அந்த ‘தெரியல’ எனக்குச் சரியான மதிப்பெண்.

நான் அங்கே போனேன். தாமதமாகப் போனேன், ஆனால் போனேன். குடும்ப வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், அக்காக்கள், தங்கைகள். கணவன்மார் என்னோடு சேர்த்து மிகச் சிலர். சென்னையில் என் காலத்தில் அதே மாதிரி வகுப்பில் அறை முழுக்க மனைவிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்றைப் பற்றி அங்கே சொன்னார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் எடுத்தது. இந்தியாவில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம், பதினேழு ஆணுக்கு ஒரு பெண். குடிக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. நூற்றெண்பதில் ஒருவருக்குத்தான் உள்நோயாளிச் சிகிச்சை. இது ஆணும் பெண்ணும் சேர்ந்த கணக்கு. அந்த ஒரு பெண் வாய் திறந்து சொல்லி, ஒருவர் கூட்டிப்போய், கட்டில் கிடைத்து, முழுக் காலமும் இருக்கவிடப்பட்டு வெளியே வருவது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் கிடைத்த ஒரு கட்டிலிலிருந்துதான் நான் அவளை எழுப்பிக்கொண்டு வந்தேன்.

தமிழ்நாட்டில் குடிநோய்க்கு உள்நோயாளிச் சிகிச்சை என்ற ஒன்றை நிலைநிறுத்தியதே ஒரு பெண்தான். சாந்தி ரங்கநாதன். கணவர் குடியால் 1979-ல் இளவயதில் இறந்தார். அடுத்த வருஷமே, 1980-ல், கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லாருக்கும் தெரிந்த இடம். குடிப்பவனுக்கு மட்டும் சிகிச்சை தந்தால் போதாது, அவனோடு வாழ்ந்தவளுக்கும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே அடிப்படையாகவே இருந்தது. எத்தனையோ ஆயிரம் ஆண்கள் அங்கிருந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கணவனுக்காக மனைவி இவ்வளவு செய்திருக்கிறாள். மனைவிக்காகக் கணவன் ஒருவன் இப்படி ஒன்றைக் கட்டினான் என்று நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தால் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஆசை.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் என் மனைவிக்கு வந்தது போன்றதே வந்தது. வலி மாத்திரை, கூடவே மது. 1978-ல் கணவரும் பிள்ளைகளும் டாக்டரோடு கூடி அவர் முன்னால் உட்கார்ந்து, நீ இதில் மாட்டிக்கொண்டிருக்கிறாய், சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். கடற்படை மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தார். ஊரறிய, நாடறியச் சொன்னார். 1982-ல் கலிபோர்னியாவில் தன் பெயரில் ஒரு மையம் திறந்து, அதில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கினார். நாட்டையே ஆண்ட ஒருவர் மனைவியின் நோய் வெளியே தெரிந்தும் தலைநிமிர்ந்து நின்றார். நெய்வேலியில் பம்பு ஓட்டிய எனக்கு முடியவில்லை.

மகளுக்கு அந்த இடம் அமைந்தது. கல்யாணம் நடந்தது. பின்னால் ஒரு நாள், அம்மாவை ஏன் பாதியில் கூட்டி வந்தேன் என்ற பேச்சு வந்தபோது, “உனக்காகத்தாம்மா” என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். “எனக்காகன்னு சொல்லாதீங்கப்பா. என்னைக் கேட்டிருந்தா கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லியிருப்பேன். அம்மா அன்னைக்கு செத்துப் போயிருந்தா அந்தப் பாவத்த என் தலையில இல்ல வச்சிருப்பீங்க?” அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவோடு தினம் பேசுகிறாள். நான் போனை எடுத்தால், “அம்மாகிட்ட குடுங்க” என்பாள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இந்திரா நகரில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் குடிக்கவில்லை, மாத்திரையும் இல்லை. நடுவில் ஒரு முறை சறுக்கினாள். அன்று நான் கத்தவில்லை, மருத்துவமனைக்குப் போன் செய்தேன், மறுநாளே கூட்டிப்போனேன். கூடவே தங்கினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவள் எனக்குச் செய்ததில் ஒரு துளி. மன்னித்துவிட்டாளா என்று கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவளுக்கு அது பழக்கம்.

போன வாரம் என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்டார். இன்னும் பணியில் இருப்பவர். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, அவர் வீட்டிலும் இதே கதை என்றார். “அண்ணே, யாருக்கும் தெரியாம எங்கயாச்சும் தூரமா ஒரு எடம் இருக்கா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு இடத்தைச் சொன்னேன். 14446 என்ற அரசு உதவி எண்ணையும் கொடுத்தேன். பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் இருக்கும் மாத்திரையை எக்காரணம் கொண்டும் தூக்கி எறிய வேண்டாம், டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு, “ஒங்ககிட்ட எவ்ளோ லீவு இருக்கு?” என்று கேட்டேன்.

“லீவா? எனக்கெதுக்குண்ணே லீவு?” என்றார்.

குடும்ப வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. இன்று அவருக்கு முதல் ஷிப்டு, மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். நானும் என் மனைவியும் போகிறோம். அவர் மனைவியிடம் இவள் பேசுவாள். அவரிடம் நான் இதை எல்லாம் சொல்ல வேண்டும், அந்தக் கையெழுத்து உட்பட.